"அந்த புளோக்"னு சொல்லாதீங்க



கொஞ்சம் நீளமான பதிவு. தீபாவளிக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கு. அதுக்குள்ள இதைச் சொல்லிடணும்னு நினைச்சேன். கோபம் வந்தா என்னைத் திட்டுங்க, கோயிலைத் திட்ட வேண்டாம். இது முழுக்க என் சொந்தக் கருத்து.

போன சனிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு, பாத்திரமெல்லாம் கழுவி வச்சிட்டு, தீபாவளி அன்பளிப்புப் பைகளை யார் எந்தப் பகுதிக்கு எடுத்துட்டுப் போறதுன்னு தொண்டூழியர்கள் உட்கார்ந்து பேசினோம். ஒரு வாடகை வீட்டு புளோக்கின் பேர் வந்தது. உடனே ஒரு அக்கா சொன்னாங்க: "அந்த புளோக்கா? பொம்பளப் பிள்ளைங்கள அனுப்பாதீங்க. பைய வாசல்ல வச்சிட்டு உடனே கிளம்பிடுங்க." அந்த அக்கா ரொம்ப நல்லவங்க. வருஷக்கணக்கா மடப்பள்ளியில காய் நறுக்குறவங்க. யாரும் மறுத்துப் பேசல. நானும் பேசல. வீட்டுக்குப் போற எம்ஆர்டியிலதான் எனக்கு உறைச்சது.

எந்த புளோக்னு இங்க எழுத மாட்டேன். எழுதினா அதே முத்திரையை நானும் இன்னொரு தடவை குத்தின மாதிரி ஆயிடும்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். சில வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு தீபாவளிக்குப் பை கொடுக்கப் போனோம். போட்டோ எடுத்தது நான்தான். கொடுக்கிறவர் சிரிச்சுக்கிட்டு நிற்கிறார். வாங்குற அக்கா கூச்சத்தோட கையை நீட்டுறாங்க. பின்னால வீட்டுக் கதவு, கதவு எண், உள்ளே காயப்போட்ட துணி, எல்லாம் தெளிவாத் தெரியுது. அன்னைக்கு ராத்திரியே ஃபேஸ்புக்கில் போட்டுட்டேன். "புண்ணியம்", "வாழ்த்துகள்"னு கமெண்ட் குவிஞ்சது. எனக்கும் மனசு நிறைஞ்சு இருந்தது.

அந்த அக்கா வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்கு வர்றவங்க. துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு போட்டுட்டு, மணி கணக்கா உட்கார்ந்து பூ கட்டுவாங்க. அந்தத் தீபாவளிக்கு அப்புறம் காணல. ஏன் வரலைன்னு கேட்கக்கூட எனக்குத் தோணல. நாலு மாசம் கழிச்சு தேக்கா சந்தையில எதேச்சையா பார்த்தேன். "என்னக்கா, ஆளையே காணோம்?"னு கேட்டேன். அவங்க மகன் அப்போதான் உயர்நிலைப் பள்ளியில சேர்ந்திருந்தான். கூடப் படிக்கிற பையன் ஒருத்தன் அந்தப் போட்டோவைப் பார்த்து, வகுப்புல எல்லாருக்கும் காட்டிட்டானாம். பையன் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகல.

அப்புறம் அக்கா சொன்னது இன்னைக்கும் என் காதுல இருக்கு: "தம்பி, நான் அரிசி வாங்கினது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. எட்டு வருஷமா கோயில்ல பூ கட்டினேனே, அது யாருக்காச்சும் தெரியுமா?"

அன்னைக்கே போட்டோவை எடுத்துட்டேன். ஆனா ஒரு பையன் மனசுல விழுந்ததை எப்படி எடுக்கிறது?

அதுக்கப்புறம்தான் அந்த புளோக்குக்குப் பை இல்லாமலும் போக ஆரம்பிச்சேன். குடும்ப சேவை நிலையத்தின் வழியா ரெண்டு பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லித் தரப் போவேன். அங்க நான் பார்த்ததைச் சொல்றேன்.

வேலை ஷிப்ட் மாறி மாறி வரும் ஓர் அம்மா, வீட்டுச் சாவியை எதிர்வீட்டு மலாய் மாக்சிக்கிட்ட கொடுத்துட்டுத்தான் போறாங்க. பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் அங்கதான் சாப்பாடு. மாக்சி இவங்க சைவம்னு தெரிஞ்சு செவ்வாய், வெள்ளிக்குத் தனியா சமைப்பாங்க. தாழ்வாரத்துக் கடைசி வீட்டுல ஒரு சீனத் தாத்தா தனியா இருக்கார். காலையில அவர் வீட்டு ரேடியோ சத்தம் கேட்கலைன்னா யாராவது போய்க் கதவைத் தட்டுவாங்க. 2020-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த நேரத்துல, வேலை போனவங்க வீட்டுக்கும் வேலை இருந்தவங்க வீட்டுக்கும் நடுவுல முட்டையும் பால்மாவும் கைமாறிக்கிட்டே இருந்ததாம். அங்க யாரும் அதுக்குப் போட்டோ எடுக்கல.

என் புளோக் ஐந்தறை வீட்டு புளோக். பத்து வருஷமா இருக்கேன். எதிர்வீட்டுக்காரர் பேரு எனக்குத் தெரியாது. சமூக உணர்வு, சமூக உணர்வுன்னு கோயில் மேடையில நாம பேசுறோமே, அது எந்த புளோக்குல இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

இதைப் படிச்சிட்டுச் சிலர் சொல்வீங்க: "தம்பி, கதை நல்லாருக்கு. ஆனா அங்க போதைப்பொருள் பிரச்சினை இல்லையா? சண்டை, போலீஸ் இதெல்லாம் இல்லையா?" இருக்கு. மறைக்கல. மின்தூக்கிக்குப் பக்கத்துல குடிச்சிட்டுக் கிடந்தவரை நானே தாண்டிப் போயிருக்கேன். ஏழைகள் எல்லாரும் தெய்வம்னு நான் சொல்ல வரல. ஆனா பிரச்சினை பெரிய வீடுகளிலயும் இருக்கு. அங்க கதவு சாத்தியிருக்கு, சத்தம் வெளியே வராது. இங்க ஒரே அறையில சமையல், படிப்பு, தூக்கம், சண்டை எல்லாம். கதவைத் திறந்து வைக்காம மூச்சு விட முடியாது. அதனால எல்லாம் தாழ்வாரத்துக்குத் தெரியுது. இந்த வித்தியாசத்தையும் கணக்குல எடுத்துக்கணும்.

இன்னொரு விஷயம். நம்ம நாட்டுல பத்துல ஒன்பது குடும்பம் சொந்த வீட்டுல இருக்கு. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனா அதனாலயே வாடகை வீடுங்கிறது இங்க தோல்வியோட அடையாளமா ஆயிடுச்சு. வேற எத்தனையோ ஊர்ல வாடகைக்கு இருக்கிறது சாதாரணம். இங்க வீவகவின் ஓரறை, ஈரறை வாடகை வீடு கிடைக்கணும்னா குடும்ப வருமானம் மாசம் 1,500 வெள்ளிக்குள்ள இருக்கணும்ங்கிறதுதான் ரொம்ப காலமா இருந்த வரம்பு. தனியாள்னா, முன்பின் தெரியாத இன்னொருத்தரோட சேர்ந்து ஒரே வீட்டுல இருக்க வேண்டி வரும். ஆக, புளோக் எண்ணைச் சொன்னாலே வருமானத்தைச் சொன்ன மாதிரி. வேலைக்கு மனு போடும்போது முகவரி எழுதக் கூச்சப்படுறவங்க, கூடப் படிக்கிறவங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வராத பிள்ளைங்க, இவங்களை நான் நேர்ல பார்த்திருக்கேன். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பேராசிரியர் தியோ யூ யென் வாடகை வீட்டுக் குடும்பங்களோட வருஷக்கணக்கா பேசிப் பழகி 2018-ல் ஒரு புத்தகம் போட்டார். நம்ம ஊர்ல அது பெரிய விவாதத்தைக் கிளப்பியது. நான் அதிலிருந்து எடுத்துக்கிட்டது இதுதான்: உதவி கேட்டு வர்றவங்களோட மரியாதையும் அந்த உதவியோட சேர்ந்ததுதான்.

இப்போ நம்ம கோயில்களுக்கு வருவோம்.

சிராங்கூன் சாலையில இருக்கிற வீரமாகாளியம்மன் கோயிலை அந்தக் காலத்துல சனங்க எப்படிக் கூப்பிட்டாங்க தெரியுமா? சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில். அந்த வட்டாரத்துல சுண்ணாம்புச் சூளைகள் இருந்தன. சூளை வேலைன்னா புகையும் தூசியும் புண்ணான கையும்தான். அந்தக் கம்பத்துச் சனங்க கும்பிட்ட காளியைத்தான் இன்னைக்கு நாம வரிசையில நின்னு கும்பிடறோம். ஜப்பான்காரன் குண்டு போட்டப்போ சுற்றுவட்டாரத்து மக்கள் அந்தக் கோயிலுக்குள்ளதான் ஓடி வந்து ஒதுங்கினாங்க. கோயிலுக்கு ஒண்ணும் ஆகலைன்னு பெரியவங்க இன்னைக்கும் சொல்லுவாங்க.

ருத்ரகாளியம்மன் கோயில் 1913-ல் அலெக்சாண்ட்ரா செங்கல் சூளைத் தொழிலாளர்கள் வச்சுக் கும்பிட்ட சின்னச் சந்நிதியிலிருந்து வந்தது. குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயில் 1932-ல் ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்துல வச்ச வழிபாட்டிலிருந்து வந்தது. யீஷூன் பாலசுப்பிரமணியர் கோயில் செம்பவாங் கடற்படைத் தளத்துல வேலை செஞ்சவங்க கும்பிட்ட மரத்தடி முருகன். 1827-ல் அத்தாப்புக் கூரையோட தொடங்கின சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில்ல, கப்பல்ல வந்திறங்கி வேலையும் இடமும் கிடைக்காதவங்க தங்கிக்கிட்டாங்க. அவங்ககிட்ட யாரும் வருமானச் சான்று கேட்கல.

சூளைக் கம்பம், ரயில்வே லயன், கூலி லயன், இதெல்லாம் அன்னைக்கு "அந்தப் பக்கம்"தான். வெள்ளைக்காரனும் வசதி உள்ளவனும் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போன இடங்கள். நமக்கு மட்டும் இல்ல. புக்கிட் ஹோ சுவீ கம்பத்தையும் குண்டர் கும்பல் இருக்கிற இடம், அழுக்குக் குடிசைன்னுதான் வெளியில பேசினாங்க. 1961 மே 25-ல் அது தீப்பிடிச்சு எரிஞ்சப்போ நாலு பேர் செத்துப்போனாங்க, ஏறக்குறைய 16,000 பேர் வீடு இழந்தாங்க. ஓராண்டுக்குள்ள வீவக அங்க வீடு கட்டத் தொடங்கி ஆட்களைக் குடியேத்திடுச்சு. அந்தக் "குண்டர் கம்பத்து"ப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்னைக்கு நம்மளோட சேர்ந்து அலுவலகத்துல உட்கார்ந்திருக்காங்க. இடத்துமேல இருந்த முத்திரை எங்க போச்சு?

முத்திரை எவ்வளவு வேகமா விழும்னு தமிழர்கள் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. 2013 டிசம்பர் 8 ராத்திரி ரேஸ் கோர்ஸ் சாலையில பேருந்து விபத்துல ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம். சில நூறு பேர் செஞ்ச காரியம். மறுநாள் காலையிலிருந்து தேக்காவுக்கு வர்ற ஒவ்வொரு தொழிலாளியையும் சந்தேகத்தோட பார்த்தாங்க. எம்ஆர்டியில என் பக்கத்து இருக்கை காலியா இருந்தது எனக்கு நினைவிருக்கு. அப்போ நமக்கு எப்படி வலிச்சது! "எங்க எல்லாரையும் ஒரே மாதிரி பார்க்காதீங்க"ன்னு சொன்னோமே. அதையேதான் இன்னைக்கு அந்த புளோக்குல இருக்கிற அம்மாவும் நம்மகிட்ட சொல்றாங்க.

நம்ம சமூகத்துக்கு இது முடியாத காரியம் இல்ல. சிறையிலிருந்து வர்றவங்களுக்காக இந்து அறக்கட்டளை வாரியம் ஆசிரமம்ங்கிற மறுவாழ்வு இல்லத்தை நடத்துது. சிறைக்குப் போய் வந்தவங்களையே நம்மாளுங்கன்னு ஏத்துக்க முடியும்னா, வாடகை கட்டி மானமா வாழ்றவங்களை ஏத்துக்கிறதுக்கு என்ன தடை?

அதனால இந்தத் தீபாவளிக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான்.

முதல்ல, போட்டோ வேண்டாம். நன்கொடை கொடுத்தவங்களுக்குக் கணக்குக் காட்டணும்னா அரிசி மூட்டையைப் படம் எடுங்க, பை அடுக்குற நம்ம கையைப் படம் எடுங்க. வாங்குறவங்க முகம் வேண்டாம், கதவு எண்ணும் வேண்டாம்.

ரெண்டாவது, புளோக்குக்குக் கீழே மேசை போட்டு, பேரை ஒலிபெருக்கியில கூப்பிட்டு வரிசையில நிறுத்தாதீங்க. முடிஞ்சா அதே தாழ்வாரத்துல இருக்கிற ஒருத்தரையே பொறுப்பு எடுத்துக்கச் சொல்லுங்க. யாருக்கு என்ன தேவைன்னு நம்மளைவிட அவங்களுக்கு நல்லாத் தெரியும். யார் வீட்டுல சர்க்கரை வியாதி, யார் வீட்டுல கைக்குழந்தைன்னு அவங்க விரல் விட்டு எண்ணுவாங்க.

மூணாவது, இதுதான் முக்கியம். கொடுக்கப் போனா மட்டும் போதாது, அவங்களையும் கொடுக்க விடுங்க. கோயில்ல உபயம் போர்டுல பேர் வரணும்னா பெரிய தொகை வேணும்னு ஆகிப்போச்சு. ஒரு தாழ்வாரமே சேர்ந்து ஆளுக்கு ரெண்டு வெள்ளி போட்டு ஒருநாள் பூ உபயம் எடுத்தா, அந்தப் பேரும் போர்டுல வரட்டும். பந்தி பரிமாற, பால்குடத்துக்கு உதவ, தேர் நாளில் தண்ணி கொடுக்க அவங்களைக் கூப்பிடுங்க. சாப்பிட மட்டும் கூப்பிடாதீங்க. பந்தியில ஒரு பக்கமே எப்பவும் உட்கார்ந்து, இன்னொரு பக்கமே எப்பவும் பரிமாறினா, அதுக்குப் பேரு தானம். சமபந்தி இல்ல.

கடைசியா, நம்ம வாய். "அந்த புளோக்"னு பிள்ளைங்க முன்னாடி சொல்லாதீங்க. ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புல உங்க பிள்ளைக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பிள்ளை அந்த புளோக்குலேருந்து வந்திருக்கலாம். அது கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும்.

மடப்பள்ளி அக்காகிட்ட நேத்து போன் பண்ணிப் பேசினேன். முதல்ல கோபப்பட்டாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நானும் சின்ன வயசுல ஓரறை வீட்டுலதான் தம்பி இருந்தேன், ஒன்பது பேரு"ன்னாங்க. இந்தத் தடவை அவங்களும் என்கூட அங்க வர்றாங்க.

பூ கட்டுற அக்கா இன்னும் நம்ம கோயிலுக்கு வரல. வேற கோயிலுக்குப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க இருந்தாலும் அம்மா பார்த்துக்குவா. ஆனா வெள்ளிக்கிழமை பூக்கூடை இருக்கிற அந்த மூலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துது. அக்கா, இதை நீங்க படிச்சா, மன்னிச்சிடுங்க. உங்க இடம் அப்படியேதான் இருக்கு.

வர்ற சனிக்கிழமை காலை 7 மணிக்குப் பை அடுக்கும் வேலை. வர முடிஞ்சவங்க வாங்க. கேமராவைப் பைக்குள்ளயே வச்சுக்கோங்க.

ஓம் சக்தி.