எந்தச் சமூகத்திலிருந்து விலகுவது?

இந்த இதழுக்கு வேறொரு தலையங்கம் தயாராக இருந்தது. சிறுகதையில் வட்டார வழக்கு வெறும் ஒப்பனைச் சாமானாகிவிட்டது பற்றி பிப்ரவரியிலேயே எழுதி, மெய்ப்பும் பார்த்து வைத்திருந்தோம். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். கொரோனாவுக்காக நள்ளிரவில் நாட்டைப் பூட்டினார்கள். அச்சகத்தின் ஷட்டரும் அன்றே இறங்கிவிட்டது. உள்ளே நம்முடைய இரண்டு பாரங்கள் அச்சாகி, மடிக்கப்படாமல் கிடக்கின்றன. வட்டார வழக்கு காத்திருக்கட்டும்.

காத்திருக்க விடாத எரிச்சல் ஒன்று ஏப்ரல் நடுவில் வந்து சேர்ந்தது. நாம் மதித்துப் படிக்கும் இதழ் ஒன்று, எல்லோரையும் போல அதுவும் பிடிஎஃப்பாக வந்தது. அதில் ஒரு கட்டுரை. தள்ளி நிற்பது, தொடாமல் பழகுவது, வெளியே போய்வந்தால் குளித்துவிட்டு வீட்டுக்குள் நுழைவது, கைகுலுக்காமல் கும்பிடுவது எல்லாம் நம் மரபில் இருந்த நோய்த்தடுப்பு முறைகளாம். தீட்டு என்று நாம் பழித்தது முன்னோரின் நுண்ணுயிரியலாம். மேற்கு இன்று முட்டிமோதி வந்து சேரும் இடத்தில் நாம் ஆயிரம் ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறோமாம்.

இதை ஓய்வுபெற்ற மாமா ஒருவர் காலை வணக்கத்துடன் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயிருப்போம். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று வாட்ஸ்ஆப்பே ஏப்ரல் 7இல் வரம்பு வைத்துவிட்டது. முந்நூறு பிரதி அச்சிடும் நமக்கு அப்படி ஒரு வரம்பு தேவைப்பட்டதில்லை. ஆனால் அந்தக் கட்டுரையை வெளியிட்டது அமைப்பியலைக் கரைத்துக் குடித்த இதழ். சொல்லாடலும் அதிகாரமும் பற்றி ஐந்து இதழ்களில் தொடர் வெளியிட்டு நம்மைப் போன்றவர்களை அகராதி தேட வைத்த இதழ். 1966இலேயே மானிடவியலாளர் மேரி டக்ளஸ் இந்த மருத்துவப் பொருள்முதல்வாதத்தைத் தோலுரித்துவிட்டார் என்பது அந்த ஆசிரியர் குழுவுக்குத் தெரியாதா? தெரியும். நமக்கு அவரை அறிமுகம் செய்ததே அவர்கள்தான்.

சரி, கட்டுரையின் தர்க்கத்தை அதன் போக்கிலேயே பார்ப்போம். பிறப்புத் தீட்டும் இறப்புத் தீட்டும் குறித்த நாளில் கழிகின்றன, ஆகவே அவை ஒருவகைத் தனிமைப்படுத்தல் என்கிறார் கட்டுரையாளர். ரங்கூனில் ஒரு பங்காளி செத்தால் மாயவரத்தில் தந்தி வந்த நிமிடத்திலிருந்து தீட்டு. எந்தக் கிருமி வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்தது? இறந்தவரின் படுக்கையருகே இருந்து மலஜலம் எடுத்த மணமான மகளுக்குச் சில வீடுகளில் மூன்றே நாள். பத்து வருடமாக முகம் பார்க்காத பங்காளிக்குப் பத்து நாள். நோய்க்கு உறவுமுறை தெரியுமா? தீட்டு ரத்த வழியைக் கணக்குப் பார்க்கிறது. அண்மையை அது எப்போதும் கணக்கில் எடுத்ததில்லை. கழிகின்ற தீட்டின் கதை இது. கழியாத தீட்டு ஒன்று இருந்தது, இருக்கிறது. சேரியில் பிறந்தவர் மேல் வைத்த தீட்டு எந்தப் பதினாறாம் நாளில் கழிந்தது? மலையாள நாட்டில் எந்தச் சாதி எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளவே இருந்தது. இனவரைவியல்காரர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் சளி, காய்ச்சல் பற்றி எதுவும் இல்லை. நோயில்லாதவரும் அத்தனை அடி தள்ளித்தான் நின்றார். நோயுற்ற நம்பூதிரி ஓர் அடியும் விலகவில்லை.

நோய்த்தடுப்பு என்றால் கிருமிக்குப் பக்கத்தில் நிற்பவனைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். பேறுகாலத் துணியை வெளுத்தவர், பிணம் எரித்தவர், செத்த மாட்டை இழுத்தவர், மலக்குழியில் இறங்கியவர் ஆகியோருக்கு இந்த ஆயிரம் ஆண்டு நுண்ணுயிரியல் ஒரு ஜோடி கையுறையாவது கொடுத்ததா? மார்ச் 22 மாலை 5 மணிக்குச் சுகாதாரப் பணியாளர்களுக்கு நன்றி என்று மாடியில் நின்று தட்டு தட்டினோமே, அந்தத் தட்டொலியில் பாதி அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத்தான். மறுநாள் காலை அவர்கள் வெறுங்கையோடு குப்பை அள்ள வந்தார்கள்.

இந்த வாதத்தை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு சொல் இருந்தது. ஒரு மாதமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. சமூக விலகல்.

யார் இதை முதலில் மொழிபெயர்த்தார்கள் என்று தேடிப் பயனில்லை. ஏதோ ஒரு செய்தி அறையில், இரவு 11 மணிக்கு, ஒரு துணையாசிரியர் ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் இறக்கியிருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். நாமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தான். தமிழில் சமூகம் என்றால் என்ன? பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு பொருள். டீக்கடையில், கல்யாணத் தரகரிடத்தில், வாடகைக்கு வீடு கேட்கும் இடத்தில் வேறு பொருள். "தம்பி எந்தச் சமூகம்?" என்று கேட்பவர் சமூகவியலாளர் எமில் துர்க்கேமைப் படித்துவிட்டுக் கேட்கவில்லை. சாதி என்று சொல்ல நாக்கூசும் இடத்திலெல்லாம் நாம் போட்டுக்கொள்ளும் வேட்டி அந்தச் சொல். ஆகவே சமூக விலகல் என்று சுவரில் எழுதினால் தமிழன் எதைப் படிப்பான்? அவனுக்குப் பழக்கமானதைப் படிப்பான். ஊர்விலக்கு என்று நமக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. பஞ்சாயத்துகள் அதைக் கூச்சமில்லாமல் பயன்படுத்தியிருக்கின்றன.

மார்ச் 20ஆம் தேதியே உலக சுகாதார நிறுவனம் தன் வாயால் திருத்திக்கொண்டு, உடல்சார்ந்த இடைவெளி என்று சொல்லத் தொடங்கியது. மனிதர்கள் பேசிப் பழகாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துவிடுவார்கள் என்பது அவர்கள் கவலை. நம் கவலை அதைவிடப் பழையது. நம் நாளிதழ்களில் சில இடைவெளிக்கு மாறின, சில விலகலிலேயே நின்றன. அரசு, விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு என்று எதுகை மோனையோடு ஒரு முழக்கம் செய்தது. நல்ல காதுள்ள யாரோ எழுதியது. வள்ளலார் பேரில் வழங்கும் மூன்று கட்டளைகளை நினைத்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். அதில் பசியைச் சொல்லும் கட்டளையை மட்டும் விட்டுவிட்டார்கள். கட்டளை இல்லாமலே மக்கள் அதைக் கடைப்பிடித்தார்கள்.

சமூகப் பரவல் இல்லை என்று மாலைதோறும் சுகாதாரத் துறை அறிவித்தது. அதே மாலைகளில், டெல்லி மாநாடு ஒன்றுக்குப் போய்வந்தவர்களின் எண்ணிக்கை தனியாகப் படிக்கப்பட்டது. பரவல் இல்லாமலே முஸ்லிம் சமூகத்தின் மேல் பழி பரவியது. பிரியாணிக் கடைக்காரர் பெயர்ப்பலகையைத் துணியால் மூடிவிட்டு அரிசி விற்றதை நம் தெருவிலேயே பார்த்தோம். சொல்லைப் பிடித்துத் தொங்குகிறான் என்று நம்மைச் சொல்லும் நண்பர்களுக்காக இதைக் குறித்து வைக்கிறோம்.

மருத்துவச் சொற்கள் என்றாலே நமக்கு மானிப்பாய் நினைவுக்கு வந்துவிடும். மன்னியுங்கள், இது பழைய காதல். சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்க மிஷன் மருத்துவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். வந்த சில ஆண்டுகளில் அவருக்கு ஒன்று புரிந்தது: ஆங்கிலத்தில் படித்த மருத்துவ மாணவர் கொழும்புக்குக் கப்பலேறுவார், தமிழில் படித்தவர் கிராமத்தில் இருப்பார். மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அங்காதிபாதம், இரண வைத்தியம், வைத்தியாகரம் என்று நூல் நூலாகத் தமிழில் கொண்டுவந்தார். வேதியியலுக்கு அவர் வைத்த பெயர் கெமிஸ்தம். சிரிக்கலாம், நாமும் முதலில் சிரித்தோம். ஆனால் அந்த மனிதர் ஒரு சொல்லைப் போடுமுன் அது நோயாளியின் காதில் எப்படி விழும் என்று யோசித்தவர். முதலில் நாட்டு வைத்தியர் வாயில் இருக்கும் சொல், அது இல்லாவிட்டால் வடமொழி, அதுவும் பொருந்தாவிட்டால் ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில் போடு என்பது அவர் முறை. இன்று வைரஸைத் தீநுண்மி ஆக்குவதற்கு இரவு பகலாக உழைப்பவர்கள், வைரஸ் என்றே சொல்லிவிட்டு அந்த உழைப்பை விலகலின் மேல் செலுத்தியிருந்தால் கிறீன் மகிழ்ந்திருப்பார். தன் கல்லறையில் தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று பொறிக்கச் சொன்னவர் அவர்.

இன்னொருவர் அயோத்திதாசர். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கியவர். சித்த மருத்துவர். மரபு மருத்துவத்தையும் சாதித் தீட்டையும் ஒரே மூட்டையில் கட்டும் நம் கட்டுரையாளர் அவரை எங்கே வைப்பார்? நாடி பிடித்த கையால்தான் அவர் சாதிச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். அவருடைய சொல்லாராய்ச்சியில் பாதியை மொழியியலார் ஒப்ப மாட்டார்கள். நாமும் எல்லாவற்றையும் ஒப்பவில்லை. ஒரு சொல்லை விடாமல் உலுக்கும் பிடிவாதத்தை அவரிடம்தான் கற்றோம். சித்த மருந்தான கபசுரக் குடிநீரை நாமும் காய்ச்சிக் குடித்தோம், நாட்டு மருந்துக் கடை வரிசையில் வட்டத்துக்குள் நின்று வாங்கி. கசந்தது. அதற்கும் தீட்டுக்கும் சம்பந்தமில்லை.

தொழில்நுட்பம் இதையெல்லாம் சரிசெய்துவிடும் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. ஏப்ரல் 2ஆம் தேதி ஒரு செயலி வந்தது, ஆரோக்கிய சேது. உங்கள் பக்கத்தில் வந்தவர் யார் என்பதைப் புளூடூத் குறித்துக்கொண்டது. ஸ்மார்ட்போன் இல்லாதவர் பக்கத்தில் வந்தால் குறிக்கவில்லை. அவர் அதற்குக் கண்ணில் படாதவர். பெயர் வைத்தவர்களுக்குச் சேது என்றால் இராமாயணம். அதற்கேற்றாற்போல் மார்ச் 28 முதல் தூர்தர்ஷனில் இராமாயணமும் திரும்ப ஓடியது. நமக்குச் சேது என்றால் மண்டபம். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்ட பிறகு, இலங்கை அரசு மண்டபத்தில் தொற்றுத் தடுப்பு முகாம் நடத்தியது. தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி கூட்டிவந்த சனங்களை அங்கே நாள்கணக்கில் அடைத்து, துணிகளை ஆவியில் வேகவைத்து, அம்மை குத்தி, பிறகு அனுப்பினார்கள். முதல் வகுப்புச் சீட்டுக்காரர் மருத்துவரிடம் முகத்தைக் காட்டிவிட்டுக் கப்பலேறினார். கிருமி மூன்றாம் வகுப்பில் மட்டும் பயணம் செய்யும் என்பது அன்றைய அறிவியல். அந்த இடம் இன்றும் மண்டபம் கேம்ப்தான். பின்னாளில் ஈழத்திலிருந்து ஓடிவந்தவர்களையும் அங்கேயே வைத்தோம்.

இம்முறை கிருமி விமானத்தில் வந்தது. பாஸ்போர்ட்டோடு வந்தது. இருந்தும் மார்ச் கடைசியில் பரேலியில் சாலையில் உட்காரவைத்துக் குளோரின் நீரைப் பீய்ச்சியது டெல்லியிலிருந்து ஊர் திரும்பிய கூலிக்காரர்கள் மேல். தொழுநோயாளியை ஊருக்கு வெளியே தள்ளுவது ஓர் அதிகாரம், கொள்ளைநோய் வந்த ஊரைக் கட்டம் கட்டமாக எண்ணுவது மற்றோர் அதிகாரம் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் பூக்கோவைப் படித்தோம். நம் ஊரில் இரண்டும் ஒரே நாளில், ஒரே தாசில்தார் கையெழுத்தில் நடந்தன. அதற்கான தொற்றுநோய்ச் சட்டமோ 1897இல் பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் போட்டது. போட்டபோது மொத்தம் நான்கே பிரிவுகள்.

இதற்கிடையில் இலக்கியம் ஜூமுக்குக் குடிபோய்விட்டது. ஒரு கவியரங்கத்தில் நாமும் உட்கார்ந்தோம். ஏழு சதுரங்களில் ஏழு கவிஞர்கள். ஏழு பேரும் காமுவின் நாவலில் கொள்ளைநோய் வந்த ஒரான் நகரத்தை மேற்கோள் காட்டினார்கள். ஒருவர் ஒலியை அணைக்க மறந்ததால் அவர் வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது. அன்றைய அரங்கில் நினைவில் நிற்பது அதுதான். ஆறடி தள்ளி நிற்பதன் தத்துவத்தை அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் தெரு நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே பொதுக் குழாய் ஒன்று. தண்ணீர் வரும் நேரம் 40 நிமிடம்.

ஏப்ரல் 19 இரவு சென்னையில், கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரைப் புதைக்க விடாமல் கூட்டம் கூடியது. கல்லும் கட்டையும் கொண்டு ஆம்புலன்ஸை அடித்தார்கள். ஓட்டுநர்களுக்கு மண்டை உடைந்தது. சக மருத்துவர் ஒருவர் காவலர் துணையோடு திரும்பி வந்து, நள்ளிரவு தாண்டி, தம் கையால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். புதைத்த உடலிலிருந்து நோய் பரவாது என்பதை அந்தக் கூட்டத்துக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு மாதமாக அவர்கள் காதில் விழுந்ததெல்லாம் விலகு என்ற ஏவல்தான், ஒவ்வொரு கைபேசி அழைப்பின் தொடக்கத்திலும், ஓர் இருமலுக்குப் பிறகு. முன்னோரின் நுண்ணுயிரியலை எழுதிய இதழ் அடுத்த இதழில் இந்த இரவைப் பற்றியும் எழுத வேண்டும்.

இந்த இதழ் இப்போதைக்குக் கைபேசியில் வருகிறது. அச்சகம் திறந்து அஞ்சல் சீரானதும் சந்தாதாரர்களுக்கு அச்சுப் பிரதி தனியாக வரும். அதற்குப் பணம் கேட்க மாட்டோம். சமூக விலகல் என்று கட்டுரையாளர்கள் எழுதியிருந்த இடங்களையெல்லாம் உடல் இடைவெளி என்று திருத்தியிருக்கிறோம். மொத்தம் பதினோரு இடங்கள். ஒரு கவிஞர் மட்டும் ஒப்பவில்லை. தான் அந்தச் சொல்லைத் தெரிந்தேதான் எழுதியதாகவும், தன் ஊரில் அதற்கு வேறு சொல் பொருந்தாது என்றும் தொலைபேசியில் சொன்னார். அவர் கவிதையில் அது அப்படியே இருக்கிறது.