ஊசி போடும் முன் ஓர் உண்மையைச் சொல்லுங்கள்!

காலையில் எழுந்ததும் உங்களால் விரல்களை மடக்க முடிகிறதா? 'முடியுதே, இதென்ன கேள்வி?' என்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளியில் இருக்கும் என் அத்தைக்கு முடியவில்லை. நாற்பது வருஷம் களி கிண்டிய கை. ஒருநாள் துடுப்பைப் பிடிக்கவே வராமல் போயிற்று. "வயசாச்சில்ல, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். மெடிக்கல் ஷாப் வலி மாத்திரையிலேயே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அது வயசுக் கோளாறு இல்லை, முடக்குவாதம். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, இரண்டு கை விரல் மூட்டுகளிலும் வீக்கம் என்றால் உடனே சந்தேகப்படுங்கள். நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே நம் மூட்டைத் தாக்கும் நோய் இது. விட்டால் விரல் கோணிவிடும்.

இதற்கு ஓர் ஊசி இருக்கிறது. அது பிறந்த கதை சுவாரஸ்யமானது.

நம் உடம்பில் டி.என்.எஃப். என்றொரு புரதம் உண்டு. கிருமி நுழைந்தால் 'ஆபத்து, ஆபத்து' என்று செல்களை உசுப்பிவிடும் தூதுவன். அந்தச் சேதியை வாங்கிக்கொள்ள செல்களின் மேல் 'ஏற்பி' என்ற புரதங்கள் இருக்கின்றன. முடக்குவாதத்தில் தூதுவன் ஓய்வதே இல்லை. விஞ்ஞானிகள் அந்த ஏற்பியின் வெளிப்பகுதியை மனித ஆன்டிபாடியின் வால் பகுதியோடு ஒட்டவைத்தார்கள். அதற்கான ஜீனை சீன ஹாம்ஸ்டர் எலியின் செல்களில் புகுத்தி, புரதத்தைத் தயாரித்தார்கள். ரத்தத்தில் மிதக்கும் இந்தப் போலி ஏற்பி, டி.என்.எஃப்.பை வழியிலேயே மடக்கிவிடும். ஆராய்ச்சிக்கூடத்தில் இத்தகைய ஏற்பியை வடிவமைத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் புரூஸ் பாய்ட்லர். எதிர்ப்பு சக்தி பற்றிய வேறொரு கண்டுபிடிப்புக்காக 2011-ல் நோபல் பரிசு வாங்கியவர். இந்த வகை ஏற்பிதான் 1998-ல் 'எட்டனர்செப்ட்' என்ற பெயரில் அமெரிக்காவில் மருந்தாக வந்தது. 2013-ல் சிப்லா நிறுவனம் அதே வகை மருந்தை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

"அப்போ எல்லோரும் அதையே போட்டுக்கலாமே?" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். முதல் மருந்து இன்றும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரைதான். விலை குறைவு, பலருக்கு அதுவே போதும். ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டியது. தெரியாமல் தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே உலை. மாத்திரைக்கு அடங்காதவர்களுக்குத்தான் ஊசி.

அத்தைக்கு மாத்திரை கேட்கவில்லை. ஊசி எழுதும் முன் டாக்டர் கேட்டார்: "வீட்ல யாருக்காவது டி.பி. இருந்ததா?"

"இல்லீங்க" என்றார் அத்தை, பட்டென்று.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா டி.பி.க்கு மாத்திரை சாப்பிட்டது குடும்பத்துக்கே தெரியும். மகள் கல்யாணம் நின்றுபோகுமோ என்று அன்று மூடிய வாயை இன்றுவரை யாரும் திறக்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்ததும் அத்தை என் கையை அழுத்தினார். அப்படியும் சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் தெரியுமா? டி.என்.எஃப். வெறும் வில்லன் இல்லை. நுரையீரலுக்குள் தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வேலி போட்டு வைத்திருப்பதில் அதற்கும் பெரிய பங்கு உண்டு. அதை மடக்கினால் வேலி தளரும், கிருமி விழித்துக்கொள்ளும். டி.என்.எஃப்.பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான இன்ஃப்ளிக்சிமேப் போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-ல் அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள். எட்டனர்செப்டில் ஆபத்து குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. உலகக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அத்தைக்கு நெஞ்சு எக்ஸ்ரே, தோல் பரிசோதனை எல்லாம் பார்த்தார்கள். கிருமி தூங்கிக்கொண்டுதான் இருந்தது. முதலில் தடுப்பு மாத்திரை, ஒரு மாதம் கழித்துத்தான் ஊசி. அந்த 'இல்லீங்க'வை அப்படியே விட்டிருந்தால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

என் கட்சி இதுதான்: நம் வீடுகளில் நோயைவிட ஆபத்தானது, நோயை மறைக்கும் வழக்கம். டி.பி. வந்தவரை ஒதுக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்கு எடுத்துக்காட்டியதே நம் சென்னைதான். 1956-ல் இங்கே தொடங்கிய ஆராய்ச்சி, வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் நோய் குணமாகிறது, அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று காட்டியது. அந்த ஆராய்ச்சி நடந்த மண்ணில் நாம் இன்னும் கிசுகிசுக்கலாமா?

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பந்தி, மருமகள் முன்னால் வைத்து 'டி.பி. இருந்ததா?' என்று கேட்டால் எந்த அம்மாவும் உண்மை சொல்ல மாட்டார். உறவுக்காரர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தனியாகக் கேளுங்கள். இரண்டு நிமிஷம்தான் கூடும்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஊசி எழுதியிருந்தால் விலையை விசாரிக்கும் முன், "டி.பி. டெஸ்ட் பார்த்தாச்சா டாக்டர்?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். ஊசி போட ஆரம்பித்த பிறகு விடாத இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் ஓடுங்கள்.

அத்தை இப்போது மறுபடி துடுப்பைப் பிடிக்கிறார். என்னோடு மட்டும் ஒரு மாதம் பேசவில்லை. பரவாயில்லை, போன வாரம் களி சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்!