ஹேலியும் ட்ரம்பும் ஜெனீவாவும்

கட்சிகளே இல்லாத ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து பார்ப்போர்க்கு, அமெரிக்க வேட்பாளர் போட்டி வெறும் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதில் எமது நலனும் அடங்கியிருந்தது.

குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராவதற்கு, முன்னணியில் நின்ற ட்ரம்பை எதிர்த்தவர் தென் கரோலினாவின் முன்னாள் ஆளுநர் நிக்கி ஹேலி. சொந்த மாநிலத்திலும் தோற்று, 2024 மார்ச் 6 ஆம் திகதி விலகினார். இந்தியாவிலிருந்து குடியேறியோரின் மகள் என்பதால், அகதிகள் அவர்பால் பரிவு கொள்வது இயல்பே.

ஆயினும், ஐ.நா. தூதராக 2017 டிசம்பரில் சவூதி மீது பாய்ந்த ஏவுகணையின் சிதைவுகளைக் காட்டி ஈரானைக் கண்டித்த அவரே, 2018 ஜூனில் மனித உரிமைப் பேரவையிலிருந்து அமெரிக்கா விலகுவதை அறிவித்தார். 2015 இல் இலங்கை குறித்த தீர்மானத்தை நிறைவேற்றிய மன்றம் அது. 2025 இல் ட்ரம்ப் அதனுடனான தொடர்பை மீண்டும் துண்டித்தார்.

பதவிக்கு மோதிய இருவரும் ஜெனீவாவைக் கைவிடுவதில் ஒன்றுபட்டனர். வேட்பாளரின் பூர்வீகத்தையன்று, எமது காணாமற்போனோருக்காக அவர் செய்வதையே நாம் அளவுகோலாகக் கொள்ளவேண்டும்.