கேளாதவனுக்கு ஒரு விலை



நம் இல்லங்களுக்கு மின் கணக்கெடுப்பவர் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வருகிறார். தொகை கூடிவிட்டதென்று முணுமுணுக்கிறோம், பிறகு கட்டிவிடுகிறோம். எந்த நிறுவனத்திடம் மின்சாரம் வாங்குவது என்ற கேள்வி நம் வீடுகளில் எழுவதே இல்லை. விற்பவர் ஒருவரே, விலையைத் தீர்மானிப்பது ஒழுங்குமுறை ஆணையம். ஆகவே, ஆஸ்திரேலியாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் பழைய மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், அங்கே கரண்டுக்கும் பேரம் பேச வேண்டியிருக்கிறது" என்றபோது எனக்கு முதலில் விளங்கவில்லை.

அவர் சிட்னி மாநகரின் மேற்குப் பகுதியில் சிறியதொரு மளிகைக் கடை நடத்துகிறவர். 2016ஆம் ஆண்டில் அக்கடையை வேறொருவரிடமிருந்து எடுத்தபோது, மின் இணைப்பு எந்த நிறுவனத்திடம் இருந்ததோ அதனிடமே தொடர்ந்தார். எந்தத் திட்டத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவ்வாறு எதையும் தேர்ந்தெடுக்காதவர் மீது தானாக வந்து விழும் கட்டணத்திற்கு அங்கே 'ஸ்டாண்டிங் ஆஃபர்' என்று பெயர். நாம் அதனை நிலைக் கட்டணம் எனக் கொள்வோம். ஓராண்டு கழித்து, அதே தெருவில் அதே போன்ற குளிர்ப்பெட்டிகளை ஓட்டும் மற்றொரு கடைக்காரர் தம்மைவிட வெகு குறைவாகக் கட்டுவதை அறிந்து திடுக்கிட்டார்.

மின்சாரம் ஒன்றே, அது வரும் கம்பியும் ஒன்றே. ஆனால் கம்பியைப் பராமரிப்பது ஒரு நிறுவனம். பட்டியல் அனுப்பிப் பணம் பெறுவது வேறொரு நிறுவனம். இந்தச் சில்லறை விற்பனையில் போட்டி வந்தால் விலை தானே இறங்கும் என்று நம்பி, அந்நாட்டு மாநிலங்கள் விலைக் கட்டுப்பாட்டை ஒன்றன்பின் ஒன்றாக நீக்கின. விக்டோரியா 2009இலும், தெற்கு ஆஸ்திரேலியா 2013இலும், நியூ சவுத் வேல்ஸ் 2014இலும் நீக்கின. குவீன்ஸ்லாந்தின் தென்கிழக்குப் பகுதியில் 2016இல் நீங்கியது. அதன்பின் நிலைக் கட்டணத்தை விற்பவரே நிர்ணயிக்கலானார்.

விளைந்தது என்ன? ஆனி மாதத்தில் விலைச் சீட்டை உயர்த்தி ஒட்டிவிட்டு, ஆடியில் 'முப்பது விழுக்காடு தள்ளுபடி' என்று பலகை வைக்கும் ஜவுளிக் கடைகளை நாம் கண்டதில்லையா? அதுவே அங்கு நடந்தது. எந்த விலையிலிருந்து தள்ளுபடி என்பது நிறுவனத்திற்கு நிறுவனம் வேறு. முப்பது விழுக்காடு தள்ளுபடி தருகிறவரின் விலை, பதினைந்து தருகிறவரின் விலையைவிடக் கூடுதலாக இருப்பதும் உண்டு. என் மாணவரும் அப்படியொரு தள்ளுபடித் திட்டத்திற்கு மாறினார். ஒரு முறை பணம் கட்ட இரண்டு நாள் தாமதமாயிற்று. அந்தப் பட்டியலின் தள்ளுபடி முழுவதும் பறிபோயிற்று. உரிய நாளில் கட்டினால்தான் சலுகை என்ற நிபந்தனை சிற்றெழுத்தில் இருந்ததாம். இல்லாதவன்தானே தாமதமாகக் கட்டுவான்? அவனே அதிக விலையும் கொடுத்தான் என்றால் அதற்குப் பெயர் சலுகையா?

இக்குறைகளையெல்லாம் அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் ஆராய்ந்து, 2018 ஜூலையில் 56 பரிந்துரைகளுடன் விரிவான அறிக்கை வெளியிட்டது. விற்பவர் தாமே வைக்கும் நிலைக் கட்டணத்தை ஒழித்து, அதனிடத்தில் ஒழுங்குமுறை அமைப்பு நிர்ணயிக்கும் கட்டணத்தை வைக்க வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. 2019 ஜூலை முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. நியூ சவுத் வேல்ஸ், தெற்கு ஆஸ்திரேலியா, தென்கிழக்குக் குவீன்ஸ்லாந்து ஆகியவற்றிற்கு ஆஸ்திரேலிய எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு ஆண்டுதோறும் ஓர் உச்ச வரம்பை அறிவிக்கிறது. ஒரு குறிப்பிட்ட அளவு மின்சாரத்தைப் பயன்படுத்தும் வீடு, நிலைக் கட்டணத்தில் ஆண்டுக்கு இதற்குமேல் செலுத்தலாகாது என்பதே அந்த வரம்பு. ஆண்டுக்கு ஒரு லட்சம் யூனிட்டிற்குக் குறைவாகப் பயன்படுத்தும் சிறு வணிகர்களுக்கும் இவ்வாறே ஒன்று உண்டு. விக்டோரியா தனக்கென வேறு ஏற்பாடு செய்துகொண்டது.

எனக்கு இதனினும் பிடித்திருந்தது மற்றொரு விதி. எந்த நிறுவனம் விளம்பரம் செய்தாலும், தன் விலை அந்த அரசு வரம்பைவிட எத்தனை விழுக்காடு குறைவு அல்லது கூடுதல் என்றே கூற வேண்டும். அளவுகோல் ஒன்றாகிவிட்டது. நிபந்தனையுள்ள தள்ளுபடியைக் கொட்டை எழுத்தில் காட்டலாகாது. 2020 ஜூலையிலிருந்து, தாமதமாகக் கட்டுவோர் இழக்கும் தள்ளுபடியும், அத்தாமதத்தால் நிறுவனத்திற்கு நேரும் நியாயமான செலவை மீறலாகாது என்று புது விதி வந்தது.

விலை நிர்ணயம் மார்க்கத்திற்கு உகந்ததா என்று சிலர் கேட்கக்கூடும். மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது மக்கள் வேண்டியும் நபி (ஸல்) அவர்கள் விலை நிர்ணயிக்க உடன்படவில்லை என்பதை அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காண்கிறோம். ஆயினும், சந்தை நிலவரம் அறியாமல் வரும் வணிகரை ஊருக்கு வெளியே வழிமறித்துச் சரக்கு வாங்குவதை அதே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஹிஜ்ரி 728இல் மறைந்த இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் இவ்விரண்டையும் பொருத்திக் காட்டினார்கள். பற்றாக்குறையால் தானே உயரும் விலை வேறு. மக்களுக்கு இன்றியமையாத பொருளை நியாய விலைக்குத் தர மறுப்பது வேறு. பேரம் பேச அறியாமல் விற்பவரையே நம்பி வாங்குகிறவருக்கு நம் சட்ட நூல்களில் 'முஸ்தர்ஸில்' என்று பெயர். பிறரிடம் பெறுவதைவிடக் கூடுதல் லாபத்தை அவரிடம் பெறலாகாது என்பது அவ்விமாமின் கருத்து. நிலைக் கட்டணம் கட்டிவந்த முதியவர்கள், ஆங்கிலம் சரளமாக வராத குடியேறிகள், கடையை விட்டு நகர நேரமில்லாத சிறு வணிகர்கள் ஆகியோரை வேறு எந்தப் பெயரால் அழைப்பது?

வரம்பு வந்ததும் விலை மலிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். நிலக்கரி, எரிவாயு விலைகள் உயர்ந்து, 2022 ஜூனில் மின் மொத்தச் சந்தையையே சில நாள்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது. 2023 ஜூலையில் வீடுகளுக்கான வரம்பு ஏறக்குறைய 20 முதல் 25 விழுக்காடு உயர்ந்தது. வரம்பை மிகவும் தாழ்த்தினால் விற்பவரே நிலைக்க மாட்டார். பிரிட்டனில் 2019 ஜனவரி முதல் இத்தகைய வரம்பு உண்டு. 2021இல் எரிவாயு விலை பாய்ந்து ஏறியபோது, முன்கூட்டியே போதிய அளவு வாங்கிவைக்காத சிறு நிறுவனங்கள் பல அடுத்தடுத்து மூடப்பட்டன. அந்நாட்டு வரம்பு வீடுகளுக்கு மட்டுமே. கடைக்காரருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இவ்வகையில் ஆஸ்திரேலிய ஏற்பாடே மேலானதென்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளைகள் அந்நாட்டில் இருக்கும் பெற்றோர்கள் இதனை அவர்களுக்கு எழுதலாம். தேர்ந்தெடுத்த திட்டமும் சலுகைக் காலம் முடிந்ததும் சத்தமின்றி விலை ஏறிவிடக்கூடும். அரசு வரம்பு அதனைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே, தங்கள் நிறுவனத்திடமே இதைவிட மலிவான திட்டம் உண்டா என்று பட்டியலின் முதல் பக்கத்தில் வரும் குறிப்பை வாசிக்கச் சொல்லுங்கள். 'எனர்ஜி மேட் ஈஸி' என்னும் அரசுத் தளத்தில் எல்லா நிறுவனங்களின் விலையையும் ஒப்பிடலாம். விக்டோரியாவுக்குத் தனித் தளம் உண்டு.

என் மாணவர் தம் கடைக்கு இதைச் செய்து முடித்தபின், பக்கத்து வீட்டில் தனியே வசிக்கும் லெபனான் நாட்டு மூதாட்டியின் பட்டியலையும் வாங்கிப் பார்த்திருக்கிறார். பல ஆண்டுகளாக அவர் நிலைக் கட்டணத்திலேயே இருந்தார். நிறுவனத்தை மாற்றினால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்களோ என்று அந்த அம்மையாருக்கு அச்சம். வருவது அதே கம்பியில்தான், பட்டியலில் உள்ள பெயர் மட்டுமே மாறும் என்று விளங்கவைக்க மூன்று மாலைகள் ஆயினவாம். மாற்றுவதற்கான தொலைபேசி அழைப்பு இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.