இரவல் வயலிலும் சணல் விதைக்கலாம்

தை, மாசியில் நெல் அறுத்துச் சூடடித்ததும் எமது வயல்கள் ஆளில்லாமற் போய்விடுகின்றன. மீண்டும் உழவு தொடங்கும் ஆவணி, புரட்டாதி வரை மண் வெயிலிற் காய்கிறது. வைக்கோலும் விலைப்பட்டுப் போகும். பிறகு காலபோகம் வந்ததும் யூரியாவுக்குக் கடன் தேடி அலைகிறோம்.

அறுவடை நேரத்தில் வயலில் எஞ்சியிருக்கும் ஈரமே நாம் வீணாக்கும் முதல். யாழ்ப்பாணத்து விவசாயிகள் சிலர் அந்த ஈரத்திலேயே சணல் விதைப்பதுண்டு. பங்குனியில் அவர்களுடைய வயல்கள் மஞ்சட் பூவாக நிற்பதை வீதியாற் போகும்போது கண்டிருப்பீர்கள். அது வேடிக்கைக்கு விதைத்ததல்ல. எம் முன்னோர் புகையிலைக்கும் கிழங்குக்கும் பூவரசங்குழை வெட்டிச் சுமந்து வந்து தாழ்த்தினார்கள். சணலோ நின்ற இடத்திலேயே குழையாகிறது, சுமைகூலி இல்லை.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். நெல்லால் அதை நேரே எடுக்க முடியாது. சணலின் வேர்ச்சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்கள் அதைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. ஒரு செடியை மெதுவாகக் கிளப்பி, ஒரு கணுவை நகத்தாற் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது.

ஓர் அந்தர் யூரியாவில், அதாவது 50 கிலோ மூடையில், 23 கிலோ நைதரசன் உண்டு. செழித்து வளர்ந்த ஓர் ஏக்கர் சணலிலும் அவ்வளவு நைதரசன் இருக்கலாம். ஆனால் அதில் ஒரு பகுதி மண்ணிலிருந்தே எடுத்தது. எல்லாமே அடுத்த நெல்லுக்குக் கிடைக்கப் போவதுமில்லை. எஞ்சிய ஈரத்தில் மட்டும் வளரும் பயிர் இன்னும் குறைவாகவே தரும். அரை மூடை மிச்சமானாலே நல்லது என்பது என் கணக்கு. யூரியாவை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அரசு பின்வாங்கியதும், அந்தக் காலபோகத்தில் விளைச்சல் விழுந்ததும் நாம் பட்டறிந்தவை. மண்ணை வர்த்தமானி அறிவித்தலால் திருத்த முடியாது.

ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதை போதும். 45 முதல் 60 நாளில், பூ அரும்பும்போதே மடக்கி உழுதுவிட வேண்டும். தண்டு முற்றி நாராகிவிட்டால் உக்குவதற்கு நாட்செல்லும். அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனையும் இழுத்துக்கொள்ள, இளம் நெல் மஞ்சளாகும். வரம்போரம் ஒரு துண்டை மட்டும் விதைக்கு விட்டுவிடுங்கள். காய் காய்ந்து கிலுகிலுத்தால் விதை தயார். அடுத்த வருடம் கடைக்குப் போகத் தேவையில்லை.

இதையெல்லாம் சொன்னால் வரும் கேள்வி எனக்குப் பழகிவிட்டது: "பாதர், காணி எங்கட இல்லையே. நாங்கள் மண்ணைத் திருத்த, வாற வருஷம் காணிக்காரர் வேற ஆளுக்குக் குடுத்தால்?" நியாயமான கேள்வி. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களுள் பலர் பிறருடைய காணியிலேயே முதுமையடைந்துவிட்டார்கள். அவர்களிடம் மரம் நடச் சொல்ல எனக்கு வாய் வராது. சணலுக்கு அவ்வளவு காலம் வேண்டாம். போட்ட விதையின் பலனில் பெரும் பங்கு அடுத்த போகத்திலேயே கைக்கு வரும். ஆகவே கேட்க வேண்டியது ஒரே ஒரு போகத்து உறுதி: அறுவடையோடு குத்தகை முடியாமல், அடுத்த காலபோகத்துக்கும் உங்களுக்கே என்ற சொல். அதை எழுத்தில் வாங்குங்கள். நெற்காணியைக் குத்தகைக்குச் செய்பவருக்குப் பாதுகாப்புத் தரும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது. கமநல சேவை நிலையத்துப் பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறதென்று போய்ப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த உறுதி கிடைக்காத குடும்பம், வீட்டில் பசியும் இருந்தால், பயறு போடட்டும். நைதரசனின் பெரும் பகுதி பயற்றோடு வீட்டுக்கு வந்துவிடும். கொடி மட்டுமே மண்ணுக்கு. பிள்ளைகள் சாப்பிடுவது நட்டமல்ல.

சணலுக்குப் பெரிய எதிரி பூச்சியல்ல, கட்டாக்காலி மாடு. அறுவடை முடிந்தால் வயல்வெளி எல்லோருக்கும் மேய்ச்சற்றரை என்பது ஊர் வழக்கம். நடுவில் ஒருவர் மட்டும் சணல் விதைத்தால் அது மாட்டுக்கு விருந்து. மாட்டுக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவர்களிலும் காணியில்லாதவர்கள், இடம்பெயர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் நெல் விதைக்கும் திகதி பேசும்போதே இதையும் பேசலாம். வெளியின் ஒரு பக்கம் சித்திரை வரை சணலுக்கு, மறுபக்கம் மாட்டுக்கு. அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கூட்டத்துக்குக் காணிக்காரர்களையும் கூப்பிடுங்கள். அவர்களுடைய மண்தானே திருந்துகிறது. விதைச் செலவில் பாதியை அவர்களிடம் கேட்டாலும் தவறில்லை.