சிவப்பு மை வேண்டாமே, ப்ளீஸ்!

ஆபீசுல டென்ஷனா? பதிவு போட்டு ஆத்திக்கிறோம். வீட்டுல பிரச்சினையா? பேரை மாத்திச் சிறுகதை ஆக்கிடறோம். நமக்கே எழுதினாத்தான் மனசு லேசாகுதுன்னா, 9 வயசுப் பிள்ளைக்கு அந்த வசதி வேண்டாமா மக்களே?

கும்மிடிப்பூண்டி பக்கம் பாருங்க. சிப்காட்ல ஷிப்ட் பார்க்கிறவங்க பிள்ளைங்க, முகாம்லயே பொறந்து வளர்ற ஈழத்துப் பிள்ளைங்க. திருவள்ளூர் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து அப்பா அம்மாவோட வந்து சேர்ற பிள்ளைங்க. ஒண்ணு எதுக்கெடுத்தாலும் அடிக்கும், ஒண்ணு வாயே திறக்காது. "என்னடா பிரச்சினை?"ன்னு கேட்டா பதில் வராது. "ஒரு நாய்க்குட்டி தொலைஞ்சு போச்சாம், அப்புறம்?"னு கேட்டுப் பாருங்க. நாய்க்குட்டி பயந்துச்சுன்னு சொல்றதுல வெட்கம் இல்லையே.

இது புதுசும் இல்லை. இலங்கையில, மட்டக்களப்பில் 1996ல் தொடங்கின வண்ணத்துப்பூச்சி பூங்காவில், போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒண்ணா சேர்த்து கதை, ஓவியம், நாடகம்னு பண்ண விட்டாங்க. அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் 4 நாள், தினம் 15 நிமிஷம் மனசை அழுத்தின சம்பவத்தை எழுதினாங்க. எழுதின உடனே மனசு இன்னும் கனத்துச்சு. ஆனா அடுத்த மாதங்களில் டாக்டர்கிட்ட போறது குறைஞ்சது. சின்னப் பிள்ளைங்க மேல அந்தக் கனத்தை நேரா ஏத்தக் கூடாது. அதனாலதான் கதைன்னு ஒரு திரை வேணும்ங்கிறேன்.

பள்ளிக்கூடத்துல கதை எழுதறது ஏற்கனவே இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு, 'குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக'. முடிவு தெரிஞ்ச கதை, கடைசியில ஒரு நீதி, அதுக்கு மார்க். இதுல பிள்ளை எங்கே இருக்கு?

என் கட்சி இதுதான். வாரம் ஒரு பீரியட். மார்க் கிடையாது, நீதி கிடையாது, சத்தமா படிக்கிற கட்டாயம் கிடையாது. ஒடியாவோ, இந்தியோ, வெறும் படமோ, எதுல வந்தாலும் சரி. அம்மாவைத் தூக்கிட்டுப் போன ராட்சசனைப் பத்தி எழுதின பிள்ளைகிட்ட "ர, ற தப்பு"ன்னு சிவப்பு மையில சுழிச்சா, அடுத்த வாரம் அது மான்-வேடன் கதைதான் எழுதும். தப்பு கண்டுபிடிக்க கம்பைலர் போதும்ங்க, படிக்கத்தான் டீச்சர் வேணும் :-)

டீச்சர் டாக்டர் ஆக வேண்டாம், கதையை வெச்சுத் துப்பறியவும் வேண்டாம். ஒரே பயம் வாராவாரம் திரும்பி வந்தா தனியா கூப்பிட்டுப் பேசட்டும். அடி, பாலியல் தொல்லைன்னு தெரிஞ்சா உடனே 1098. அதுல மட்டும் ரகசியம் கிடையாது.

"போர்ஷனே முடியலை, இதுல கதையா?"ன்னு ஆசிரிய நண்பர்கள் சண்டைக்கு வரலாம். வாங்க. மனசுல பூட்டு தொங்கும்போது போர்ஷன் மட்டும் எந்த வழியா உள்ளே போகும்னு சொல்லுங்க.