ஸ்டாண்டும் கேரியரும் தனி

தொலைதூர சைக்கிள் பயணம் பற்றி இன்று யார் பேச ஆரம்பித்தாலும் மூன்றாவது நிமிடத்தில் பேச்சு விலைக்கு வந்துவிடுகிறது. அலாய் ஃப்ரேமா கார்பனா, எத்தனை கியர், டிஸ்க் பிரேக் ஹைட்ராலிக்கா மெக்கானிக்கலா. ஐம்பதாயிரத்துக்குக் கீழே எதையும் தொடாதே என்பார் ஒருவர். அதெல்லாம் பிள்ளையார் சுழி, ஒன்றரை லட்சத்துக்குப் போ என்பார் இன்னொருவர். எங்கே போகப் போகிறாய் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

என் கட்சி எளிமையானது. வீட்டு மாடிப்படிக்குக் கீழே துருவேறிக் கிடக்கும் அப்பாவின் ஹெர்குலிஸ் போதும். இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: நம்ம ஊர்ச் சாலைகளில் நாள்கணக்கில் போவதற்கு அதுதான் சரியான வண்டி. அது லாயக்கில்லை என்று நம்மை நினைக்க வைத்தது பாதி வியாபாரம், பாதி வர்க்க வெட்கம்.

ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தென்காசி, ஏறக்குறைய 70 கிலோமீட்டர். ராஜபாளையம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர். மேற்கே மலை வழித்துணைக்கு வரும். சாலை மலை ஏறாது. இந்தச் சாலையில் பழைய சைக்கிளால் என்ன முடியாது என்று கணக்குப் போட்டே பார்க்கலாம்.

முதல் குற்றச்சாட்டு எடை. பழைய சைக்கிள் 20 கிலோ, கார்பன் சைக்கிள் 9 கிலோ என்று வையுங்கள். பாதிக்கும் குறைவு, பெரிய வித்தியாசம்தான். ஆனால் சைக்கிள் தனியாகப் போவதில்லை. ஓட்டுகிறவர் 65 கிலோ, மூட்டை 10 கிலோ சேர்த்தால் 95க்கு 84. வித்தியாசம் சுமார் 12 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. அதுவும் ஏற்றத்தில்தான் முழுசாகத் தெரியும். சமதரையில் உங்களைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் காற்று.

இரண்டாவது, கியர் இல்லை. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்பது இந்த வண்டிகளில் வழக்கமான அமைப்பு. 28 அங்குலச் சக்கரத்துக்கு, பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஐந்தரை மீட்டர் கிடைக்கும். நிமிடத்துக்கு ஐம்பது சுற்று என்று மூச்சு வாங்காமல் மிதித்தால் மணிக்கு 16 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்குக் கிளம்பி வழியில் இரண்டு டீ, ஒரு இட்லிக் கடை என்று நின்றாலும் மதியச் சாப்பாட்டுக்குத் தென்காசி. இதற்கு இருபத்தொரு கியர் எதுக்கு?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: ரிப்பேர். நான் சாஃப்ட்வேர் ஆள். யார் வேண்டுமானாலும் செய்து, யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளக்கூடிய பொதுத் தரநிலை என்பதன் அருமை என் தொழிலில் தினமும் தெரியும். பழைய சைக்கிள் அப்படிப்பட்ட ஒன்று. காட்டர் பின், பால்ரஸ், போக்ஸ் கம்பி, வால்டியூப் எல்லாமே எந்தக் கம்பெனி வண்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பின்சக்கரத்தில் வழக்கமாக 40 கம்பி. ஒன்று முறிந்தாலும் மிச்சம் 39 அடுத்த ஊர்வரை கொண்டுசேர்க்கும். அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வேப்பமரமும் பம்பும் தண்ணீர்ச் சட்டியுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். கோட்டம் எடுத்து, பஞ்சர் ஒட்டி, அரை மணியில் அனுப்பிவிடுவார். ஒன்றரை லட்ச ரூபாய் வண்டியின் ஹைட்ராலிக் பிரேக் புளியங்குடியில் ஒழுகினால் மதுரைக்கு லாரி பிடிக்க வேண்டும். பிரெஸ்டா வால்வுக்கு அவருடைய பம்பே பொருந்தாது. வண்டி விலை ஏற ஏற வழியில் உதவக்கூடியவர்களின் எண்ணிக்கை குறைகிறது. இதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

அந்த வண்டிகளில் ஸ்டாண்டும் கேரியரும் மட்கார்டும் பெரும்பாலும் தனி விலை. மூட்டை தூக்க, மழையில் போக, நிறுத்திவைக்க ஏற்பாடே இல்லாமல் வரும் ஒன்றைப் பயணத்துக்கான வாகனம் என்று விற்கிறார்கள். நாமும் வாங்குகிறோம்.

1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். அதில் அடி ஹக்கிம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்கரா மூவரும் சுமார் 71,000 கிலோமீட்டர் மிதித்து 1928இல் ஊர் திரும்பினார்கள். 1963இல் அயர்லாந்திலிருந்து டெல்லிக்கு சைக்கிளில் வந்த டெர்வ்லா மர்ஃபி, தன் வண்டியில் இருந்த மூன்று கியரையும் புறப்படும் முன்பே கழற்றிவிட்டார். ஆசியச் சாலைகளை அது தாங்காது என்பது அவர் கணிப்பு. 1962இல் ஜெர்மனியிலிருந்து கிளம்பிய ஹைன்ஸ் ஷ்டூக்கே, மூன்று கியர் வைத்த கனத்த இரும்பு சைக்கிளில் ஆறு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போனார். இவர்கள் எல்லோரும் 'ஆரம்பநிலை' வண்டிக்காரர்கள்.

வெட்கத்துக்கு வருவோம். ராஜபாளையம் சாலையில் விடிகாலையில் இரண்டு விதமான சைக்கிள்காரர்களைப் பார்க்கலாம். ஹெல்மெட்டும் இறுக்கமான சட்டையும் போட்டவர் 'சைக்ளிஸ்ட்'. கேரியரில் பால் கேனையோ துணி மூட்டையையோ கட்டிக்கொண்டு வருகிறவருக்குப் பெயரே இல்லை. லாரிக்காரரின் ஹாரன்தான் உண்டு. முன்னவர் ஐம்பது கிலோமீட்டர் போனால் சாதனை. பின்னவர் அதே தூரம் போனால் பஸ்ஸுக்குக் காசில்லை என்று அர்த்தம்.

2020 ஊரடங்கில் இந்தப் பித்தலாட்டம் நாடறிய வெளிப்பட்டது. பதினைந்து வயது ஜோதி குமாரி, காயம்பட்ட அப்பாவைக் கேரியரில் உட்காரவைத்து, குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் சைக்கிளில் சுமார் 1,200 கிலோமீட்டர் மிதித்தாள். இவாங்கா டிரம்ப் அதைப் பொறுமைக்கும் அன்புக்கும் சான்று என்று புகழ்ந்தார். சைக்கிள் சம்மேளனம் தேர்வுக்குக் கூப்பிட்டது. ரயில் ஏன் இல்லை என்ற கேள்வி அந்தக் கைதட்டலில் அமுங்கிப்போனது. அதே ஜூன் 3ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்று, சாகிபாபாத்தில் இருந்த அட்லஸ் சைக்கிள் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது.

ஆகவே பழைய சைக்கிளை ஏழ்மையின் அழகு என்று நான் பாடப்போவதில்லை. பால் கேனைக் கட்டிக்கொண்டு இருபது கிலோமீட்டர் மிதித்தவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கு மாறினால் அது அவர் முழங்காலுக்குக் கிடைத்த நியாயம். குறைகளும் உண்டு. மழையில் இரும்பு ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது. முன்கூட்டியே அழுத்தப் பழக வேண்டும். ஆடிக் காற்றில் தென்காசிப் பக்கம் போனால், நிமிர்ந்து உட்காரும் இந்த வண்டியில் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். தள்ளினால் என்ன? தள்ளுவதும் பயணம்தான்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கமும் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தும் பெண்களை சைக்கிள் கற்கத் தூண்டியபோது, லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கல்குவாரித் தொழிலாளியும் கிராம செவிலியரும் கிடைத்த வண்டியில் ஏறி, அதுவரை யாரிடமோ கேட்டுக் காத்திருந்த தூரங்களைத் தாங்களே கடந்தார்கள். தமிழ்நாடு கண்ட பெரிய சைக்கிள் பயணம் எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இழக்கப்போவது எது என்பதும் இதில்தான் இருக்கிறது. பழைய சைக்கிளை வறியவரின் அடையாளமாக ஒதுக்கிவிட்டு, சைக்கிள் என்றாலே ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு என்று ஆக்கிவிட்டால், நான்குவழிச் சாலை போடும்போது சைக்கிளுக்கு ஓர் ஓரம் கேட்க ஆள் இருக்காது. வேப்பமரத்தடிக்காரரும் கடையைக் கட்டிவிடுவார். அவர் போனபின் நாற்பது கம்பி இருந்தும் பிரயோஜனமில்லை.

அதனால் விலைப்பட்டியலை மூடுங்கள். படிக்கட்டுக்கு அடியில் கிடப்பதை வெளியே எடுத்து, தெருமுனைக் கடையில் ஓவராயில் பண்ணி, இரண்டு டயரும் செயினும் புதுசாக மாற்றுங்கள். ஒரு ஸ்பேர் டியூப், ஸ்பேனர், பம்பு, மாற்றுத்துணி, இரண்டு பாட்டில் தண்ணீர். கேரியரில் கட்ட சைக்கிள் டியூபை வெட்டின ரப்பர் போதும். ஆடி கழியட்டும். பிறகு ஒரு நாள் விடிகாலையில் தென்காசிப் பக்கம் கிளம்புங்கள். வாசுதேவநல்லூரில் டீ குடிக்க நிற்கும்போது ஸ்டாண்டு போட்டு நிறுத்தலாம். அதுக்குத் தனியாகக் காசு கிடையாது.